இரண்டு கொலைகளும் ஒரு முடிச்சும்

ஓர் ஊரிலே கொலை நடந்துவிட்டால், "யார் செய்தது?" என்பதுதான் ஜனங்கள் முதலில் கேட்கும் கேள்வி. அதே ஊரில் முன்னொரு கொலை நடந்து துப்புத் துலங்காமல் கிடக்குமானால், "அன்று செய்தவனேதான் இன்றும் செய்தானோ?" என்ற இரண்டாவது கேள்வியும் கூடவே பிறந்துவிடும். திண்ணையிலும் ஆற்றங்கரையிலும் கடைவீதியிலும் இதே பேச்சாக இருக்கும். பழைய சம்பவத்துக்கும் புதிய சம்பவத்துக்கும் முடிச்சுப் போடுவது மனித சுபாவம். அதிலே தவறு ஒன்றுமில்லை. அநேக சமயங்களில் அந்த முடிச்சு சரியான முடிச்சாகவே இருப்பதும் உண்டு. ஆனால் முடிச்சுப் போட்ட கயிற்றை எவன் கழுத்திலே மாட்டுகிறோம் என்பது வேறு விஷயம். அங்கேதான் நிதானம் வேண்டும்.

இந்த நிதானத்தின் அருமையை உலகத்துக்கு எடுத்துக் காட்டிய வழக்கு ஒன்று உண்டு. அது இங்கிலாந்திலே நடந்தது. கொலை விசாரணையில் டி.என்.ஏ. என்னும் உயிரணுப் பரிசோதனை முதன்முதலாகப் பயன்பட்டது அந்த வழக்கிலேதான். இன்று பத்திரிகையைத் திறந்தால் இந்தப் பரிசோதனையைப் பற்றிய செய்தி இல்லாத வாரம் அபூர்வம். குற்றவாளிகளைப் பிடிக்கும் கருவி என்றே எல்லோரும் அதை அறிந்திருக்கிறோம். ஆனால் அது செய்த முதற் காரியம் குற்றவாளியைப் பிடித்ததன்று. குற்றமற்ற ஓர் இளைஞனை விடுவித்ததே என்பது பலருக்குத் தெரியாது. ஆகையால் அந்த வரலாற்றைச் சற்று விரிவாகவே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். உயிரிழந்த சிறுமிகளின் பெயர்களையும், அநியாயமாய்ச் சந்தேகிக்கப்பட்டவனின் பெயரையும், கொலைகாரனின் பெயரையும் நாம் இங்கே குறிப்பிடப் போவதில்லை. வழக்கின் படிப்பினைக்குப் பெயர்கள் தேவையில்லை.

முதற் கொலை

இங்கிலாந்தின் மத்திய பாகத்தில் லெஸ்டர் என்றொரு நகரம் இருக்கிறது. அதற்குத் தென்மேற்கே சில மைல் தூரத்தில் நார்பரோ, எண்டர்பி, லிட்டில்தார்ப் என்னும் மூன்று கிராமங்கள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் அமைந்திருக்கின்றன. 1983-ம் வருஷம் நவம்பர் மாதம் 21-ந் தேதி மாலை, நார்பரோவைச் சேர்ந்த பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் சிநேகிதியைப் பார்க்க வீட்டை விட்டுப் புறப்பட்டாள். இரவு வெகு நேரமாகியும் அவள் திரும்பவில்லை. மறுநாட் காலையில், ஊரிலிருந்த மனநோய் ஆஸ்பத்திரியின் பக்கமாய்ச் செல்லும் ஒற்றையடிப் பாதையருகே அவளுடைய சடலம் கிடந்தது. மானபங்கப்படுத்தி, கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள்.

போலீஸார் பெரும்படையாக வந்து இறங்கினார்கள். வீடு வீடாக விசாரணை நடந்தது. ஆஸ்பத்திரி நோயாளிகளின் பேரில் சந்தேகம் விழுந்தது. கிடைத்த ஒரே தடயம், சிறுமியின் உடலிலே கொலைகாரன் விட்டுச் சென்ற விந்து. அதை அந்நாளைய முறைப்படி சோதித்ததில், அவன் 'ஏ' ரத்தப் பிரிவைச் சேர்ந்தவன் என்பதும், அவன் உடலில் இன்ன வகையான நொதி இருக்கிறது என்பதும் தெரிந்தன. ஆனால் இவ்விரண்டும் ஒருங்கே பொருந்தக்கூடிய ஆண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். பத்தில் ஒருவன் என்பது பலரை விலக்க உதவும். ஒருவனைச் சுட்டிக் காட்ட உதவாது. மாதங்கள் கழிந்தன. விசாரணை மெல்ல மெல்ல ஓய்ந்தது. ஆயினும் பரிசோதனைச் சாலையில் இருந்த அந்தத் தடயத்தை மட்டும் அவர்கள் எறிந்துவிடவில்லை. இந்தச் சிறு விஷயத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கொலை

இரண்டே முக்கால் வருஷங்கள் சென்றன. 1986-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி, அடுத்த கிராமமாகிய எண்டர்பியில் இன்னொரு சிறுமி காணாமற் போனாள். அவளுக்கும் வயது பதினைந்து. அவளும் ஒரு குறுக்குப் பாதை வழியே நடந்து வந்தவள்தான். இரண்டு நாள் கழித்து, செடி கொடிகளாலும் கிளைகளாலும் மூடப்பட்டிருந்த அவளுடைய சடலத்தைக் கண்டெடுத்தார்கள். இவளும் அதே விதமாகவே கொல்லப்பட்டிருந்தாள். சோதித்துப் பார்த்ததில் ரத்தப் பிரிவும் அதே பிரிவாக இருந்தது.

ஒரே வயது, ஒரே வட்டாரம், ஒரே மாதிரியான ஆளரவமற்ற பாதை, ஒரே விதமான கொடூரம். இரண்டு காரியங்களையும் செய்தவன் ஒருவனே என்று போலீஸார் தீர்மானித்தார்கள். ஊராரும் அவ்விதமே தீர்மானித்தார்கள். பெற்றோர்கள் தங்கள் பெண் குழந்தைகளைத் தனியே வெளியில் அனுப்ப அஞ்சினார்கள். மூன்று வருஷமாகக் கொலைகாரன் ஒருவன் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறான், நம்மோடு பேசுகிறான், கடையில் சாமான் வாங்குகிறான் என்ற எண்ணம் எவ்வளவு பயங்கரமானது என்று சொல்ல வேண்டியதில்லை. யாராவது ஒருவன் பிடிபட்டால்தான் அந்தக் கிராமங்களுக்குத் தூக்கம் வரும் என்ற நிலைமை.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் ஒருவன் பிடிபட்டான்.

ஒப்புக்கொண்ட இளைஞன்

அவன் பதினேழு வயதுப் பையன். ஆஸ்பத்திரியின் சமையற்கட்டிலே எடுபிடி வேலை செய்துகொண்டிருந்தான். புத்தி சற்று மந்தம். இரண்டாவது சிறுமி கொலையுண்டதைப் பற்றி வெளியாருக்குத் தெரிந்திருக்க முடியாத சில விவரங்கள் அவன் பேச்சிலே தென்பட்டதாகப் போலீஸார் கருதினார்கள். பல மணி நேரம் மாறி மாறிக் கேள்வி கேட்டதன் பின், இரண்டாவது கொலையைத் தானே செய்ததாக அவன் ஒப்புக்கொண்டான், பிறகு மறுத்தான், மீண்டும் ஒப்புக்கொண்டான். ஆனால் முதற் கொலையைப் பற்றிக் கேட்டபோது மட்டும், தனக்கும் அதற்கும் சம்பந்தமேயில்லை என்று ஒரே பிடிவாதமாகச் சாதித்தான்.

இங்கே நேயர்கள் போலீஸாருடைய நிலைமையைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது கொலைக்கு ஒப்புதல் வாக்குமூலம் கையில் இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கை நடத்தியிருந்தால், அந்தப் பையன் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போயிருப்பான். ஆனால் இரண்டையும் செய்தவன் ஒருவனே என்ற நம்பிக்கை அவர்களுடைய மனத்தில் வேரூன்றியிருந்தது. 'ஒன்றை ஒப்புக்கொண்டவன் மற்றொன்றை மறுக்கிறானே, அதையும் நிரூபித்துவிட வேண்டும்' என்று எண்ணினார்கள். அந்த எண்ணமே பையனைக் காப்பாற்றியது என்பதுதான் இந்த வழக்கின் வேடிக்கை. பழைய கொலையையும் அவன் தலையில் ஏற்றுவதற்கு வழி தேடிப் போனவர்கள், லெஸ்டர் சர்வகலாசாலையில் இருந்த ஒரு விஞ்ஞானியின் வாசலில் வந்து நின்றார்கள்.

சிலம்பின் உள்ளிருப்பது

அந்த விஞ்ஞானி இன்னது செய்தார் என்று சொல்வதற்கு முன், நம் நாட்டுக் கதை ஒன்றை நினைவூட்டுகிறோம். மதுரையிலே கோவலன் கையிலிருந்த சிலம்பும், பாண்டிமாதேவியின் காணாமற் போன சிலம்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. களவு செய்த பொற்கொல்லனே அதைச் சாக்ஷியாகக் காட்டினான். அரசன் நிதானியாமல் ஆணையிட்டான். பின்னால் கண்ணகி வந்து தன் சிலம்பை உடைத்தபோதுதான், அதனுள்ளே இருப்பது மாணிக்கம், தேவியின் சிலம்பினுள்ளே இருந்தது முத்து என்பது விளங்கிற்று. வெளித்தோற்றத்தின் ஒற்றுமை பொய்யாயிற்று. உள்ளிருந்த பரல் உண்மை சொல்லிற்று. ஆனால் கோவலன் அதற்கு முன்பே வெட்டுண்டுவிட்டான்.

மனித உடலாகிய சிலம்பின் உள்ளிருக்கும் பரலைப் பார்ப்பதற்கு வழி கண்டவர்தான் அலெக் ஜெஃப்ரீஸ் என்னும் அந்த விஞ்ஞானி. நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவின் உள்ளும் டி.என்.ஏ. என்ற மிக நுண்ணிய இழை சுருண்டு கிடக்கிறது. தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து ஒரு பாதியும் நமக்கு வந்து சேருகின்றன. இந்த இழையின் பெரும் பகுதி எல்லா மனிதர்களுக்கும் ஒன்றே. ஆனால் சிற்சில இடங்களில் மட்டும், ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். மாலை கட்டுகிறவர்கள் இரண்டு மல்லிகை, ஒரு மரு, மறுபடி இரண்டு மல்லிகை, ஒரு மரு என்று ஒரே வரிசையை அடுக்கிக்கொண்டே போவதில்லையா? அதைப் போன்றது இது. ஒருவருடைய இழையில் அந்த வரிசை பத்துத் தடவை வரும். இன்னொருவருக்குப் பதினைந்து தடவை வரும். இப்படிப் பல இடங்களை ஒருங்கே அளந்து பார்த்தால், ஒருவருக்கு உள்ளதுபோல் மற்றொருவருக்கு அமைவது ஏறக்குறைய அசாத்தியம். ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் மட்டுமே இதற்கு விலக்கு.

இந்த வேறுபாட்டைக் கறுப்புக் கோடுகளாக எக்ஸ்ரே படத்தில் விழச் செய்யும் முறையை ஜெஃப்ரீஸ் 1984-ம் வருஷம் செப்டம்பர் 10-ந் தேதி காலையில் கண்டார். அவர் தேடிக்கொண்டிருந்தது கொலைகாரர்களை அல்ல. பரம்பரையாக வரும் வியாதிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு உதவும் அடையாளங்களைத்தான். அடுத்த வருஷம், கானா நாட்டுக் குடும்பத்துப் பையன் ஒருவன் தன் தாய்க்குப் பிறந்த மகன்தானா என்று இங்கிலாந்தின் குடியேற்ற அதிகாரிகள் சந்தேகித்தபோது, இந்த முறையைக் கொண்டு அவன் அவளுடைய சொந்த மகனே என்று காட்டினார். தாயையும் பிள்ளையையும் ஒன்று சேர்த்ததே இந்த வித்தையின் முதற் பயன். இது நம் மனத்துக்கு மிகவும் இதமான விஷயம்.

படம் சொன்ன உண்மை

இரு சிறுமிகளின் உடல்களிலிருந்தும் எடுத்துப் பத்திரப்படுத்திய தடயங்களும், பிடிபட்ட இளைஞனின் ரத்தமும் ஜெஃப்ரீஸிடம் வந்து சேர்ந்தன. பழைய தடயத்தில் உயிரணுக்கள் சொற்பமே கிடைக்குமாதலால், அதற்கேற்பத் தம் முறையைச் செப்பம் செய்து பரிசோதித்தார். விடை படத்தில் விழுந்தது. முதற் கொலையின் கோடுகளும் இரண்டாவது கொலையின் கோடுகளும் அச்சாக ஒத்திருந்தன. போலீஸார் போட்ட முடிச்சு சரியே. இரண்டையும் செய்தவன் ஒருவனே. ஆனால் அந்த ஒருவன் இந்தப் பையன் அல்லன்! அவனுடைய ரத்தத்தின் கோடுகள் முதற் கொலையோடும் சேரவில்லை. அவனே ஒப்புக்கொண்ட இரண்டாவது கொலையோடும் சேரவில்லை.

ஜெஃப்ரீஸுக்கே முதலில் நம்பிக்கை ஏற்படவில்லை. தம் முறையிலேதான் ஏதோ கோளாறு என்று ஐயுற்றார். அரசாங்கப் பரிசோதனைச் சாலையிலிருந்த நிபுணர்களும் தனியே சோதித்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அதே விடைதான் கிடைத்தது. 1986-ம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி, அதாவது முதற் சிறுமி உயிரிழந்து சரியாக மூன்று வருஷங்கள் நிறைந்த அன்று, அந்த இளைஞன் நீதிமன்றத்திலிருந்து விடுதலையானான். உலகத்திலேயே கொலைக் குற்றச்சாட்டிலிருந்து டி.என்.ஏ. பரிசோதனையால் விடுவிக்கப்பட்ட முதல் மனிதன் அவனே. இந்தச் சாக்ஷியம் மட்டும் இல்லாதிருந்தால் அவன் தண்டனை அடைந்தே இருப்பான் என்று ஜெஃப்ரீஸ் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

செய்யாத கொலையைச் செய்ததாக ஒருவன் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். பயம் ஒரு காரணம். மூடிய அறையில், ஓயாத கேள்விகளுக்கு நடுவே, 'ஆம்' என்று சொல்லிவிட்டால் இந்த வேதனை தீரும் என்று தோன்றிவிடுகிறது. வயதிலும் புத்தியிலும் முதிராதவர்களுக்கு அது இன்னும் எளிதில் நேரும். அடித்தால்தான் பொய் வாக்குமூலம் வரும் என்பதில்லை. அலுத்துப் போனாலும் வரும்.

ஐயாயிரம் பேரின் ரத்தம்

நிரபராதி விடுதலையானான், அது நியாயம். ஆனால் கொலைகாரன் வெளியேதானே இருக்கிறான்? 1987-ம் வருஷம் ஜனவரியில் போலீஸார் இதுவரை எந்த நாட்டிலும் நடந்திராத காரியம் ஒன்றில் இறங்கினார்கள். அம்மூன்று கிராமங்களிலும் பதினேழு வயது முதல் முப்பத்து நான்கு வயது வரையிலுள்ள ஆண்கள் அனைவரும், தாமாகவே முன்வந்து ரத்தம் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். ஏறக்குறைய 5,000 பேர் கொடுத்தார்கள். முதலில் ரத்தப் பிரிவைப் பார்த்துப் பொருந்தாதவர்களை விலக்கினார்கள். எஞ்சியவர்களின் ரத்தத்தை டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மாதக் கணக்கில் வேலை நடந்தது. ஒருவருடைய ரத்தமும் பொருந்தவில்லை.

விஞ்ஞானம் தோற்றுவிட்டதா? இல்லை; மனிதர்களின் தந்திரம் அதை ஏமாற்றியிருந்தது. அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில், லெஸ்டரில் மதுபானக் கடை ஒன்றிலே ரொட்டிக் கிடங்கைச் சேர்ந்த சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன், தன்னோடு வேலை செய்யும் ஒருவனுக்குப் பதிலாகத் தானே போய் ரத்தம் கொடுத்து வந்ததாகச் சொல்லிவிட்டான். இதற்காக அந்தக் கூட்டாளி தன் பாஸ்போர்ட்டிலே படத்தை மாற்றி ஒட்டிக் கொடுத்திருந்தானாம். கேட்டிருந்தவர்களில் ஒரு பெண்மணி சில வாரங்கள் மனத்துக்குள்ளேயே போராடினாள். உடன் வேலை செய்கிறவர்களைக் காட்டிக் கொடுப்பதா என்ற தயக்கம் ஒரு பக்கம். இரண்டு சிறுமிகளின் நினைவு மறுபக்கம். கடைசியில் போலீஸாரிடம் சென்று சொன்னாள். செப்டம்பர் 19-ந் தேதி அந்த ரொட்டித் தொழிலாளி கைதானான். அவனுடைய ரத்தம் இரண்டு தடயங்களோடும் பொருந்தியது.

அவன் மனநோயாளி அல்லன். ஊர் பேர் தெரியாத நாடோடியும் அல்லன். மனைவியும் குழந்தைகளும் உள்ளவன். அந்தக் கிராமங்களில் ஒன்றிலேயே குடியிருந்தவன். முதற் கொலை நடந்த மாலையில், தன் கைக்குழந்தையைக் காரிலே தூங்க விட்டுவிட்டு அந்தப் பாதகத்தைச் செய்திருக்கிறான் என்பது பின்னால் வெளியாயிற்று. 1988-ம் வருஷம் ஜனவரியில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2021-ம் வருஷம் செப்டம்பரில் அவனை நிபந்தனைகளோடு விடுவித்தார்கள். நிபந்தனையை மீறினான் என்று மூன்று மாதத்துக்குள்ளேயே மறுபடி சிறைக்கு அனுப்பினார்கள்.

நமக்கு இதிலுள்ள பாடம்

இந்த வித்தை நம் நாட்டுக்கு வர அதிக காலம் பிடிக்கவில்லை. 1988-ம் வருஷத்திலேயே ஹைதராபாத்திலுள்ள உயிரணு ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் டாக்டர் லால்ஜி சிங் இதற்கான முறையைத் தாமே உருவாக்கினார். கட்டுவிரியன் பாம்பின் உயிரணுவை ஆராய்ந்து கிடைத்த ஒரு துணுக்கே அவருக்குக் கருவியாயிற்று. கேரளத்துத் தலைச்சேரி நீதிமன்றத்தில் ஒரு குழந்தையின் தந்தை யார் என்ற வழக்கை அது தீர்த்து வைத்தது. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்ட வழக்கிலும் அதன் உதவியை நாடினார்கள். அந்நிய நாட்டு இயந்திரத்துக்காகக் கையேந்தி நிற்காமல், சுதேச விஞ்ஞானி ஒருவர் சுயமாகவே சாதித்தது நமக்குப் பெருமை தரும் செய்தி.

ஆனால் கருவி மட்டும் போதாது. அதைக் கையாளும் மனப்பான்மையும் வேண்டும். நார்பரோ வழக்கிலே மூன்று விஷயங்கள் நமக்கு முக்கியமாகத் தோன்றுகின்றன.

முதலாவது, பழைய தடயத்தைப் பேணி வைத்தது. 1983-ல் அந்தத் தடயத்தை எடுத்து வைத்தவர்களுக்கு, பிற்காலத்தில் அது இன்ன உண்மையைச் சொல்லப் போகிறது என்று கனவிலும் தெரியாது. டி.என்.ஏ. முறை அப்போது பிறக்கவேயில்லை. துலங்காத வழக்குதானே என்று அதை எறிந்திருந்தால், இரண்டு கொலைகளையும் இணைத்துப் பார்க்கவே வழி இல்லாமற் போயிருக்கும். துப்புத் துலங்காத வழக்கு என்பது முடிந்துபோன வழக்கல்ல. அதன் ஒரு துண்டுத் துணியும் ஒரு துளி ரத்தமும் நாளைய விஞ்ஞானத்துக்காகக் காத்திருக்கும் சாக்ஷிகள்.

இரண்டாவது, வாக்குமூலத்தை அதன் அளவிலே நிறுத்தி வைப்பது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்கு அத்தாட்சியாகக் கொள்ளக்கூடாது என்று நம் நாட்டுச் சாக்ஷியச் சட்டம் 1872-ம் வருஷம் முதலே விதித்திருக்கிறது. 2024-ம் வருஷம் ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி நிலைத்திருக்கிறது. குற்றவாளிக்குச் சலுகை காட்டும் விதி என்று இதைச் சிலர் பரிகசிப்பதுண்டு. லெஸ்டர் ஜில்லாவின் அந்தச் சமையற்கட்டுப் பையனை நினைத்துக்கொண்டால் அப்படிப் பரிகசிக்க மனம் வராது. அவனைச் சிறையில் தள்ளியிருந்தால் ஒருவனுக்கு மட்டுமா அநீதி? வழக்கு முடிந்தது என்று ஊர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கியிருக்கும். நிஜக் கொலைகாரன் அந்த ஊரிலேயே உலாவிக்கொண்டிருப்பான். மூன்றாவது சிறுமி ஒருத்தி அந்தப் பாதையில் நடந்து வந்திருப்பாள். நிரபராதியைத் தண்டிப்பது என்பது கொலைகாரனுக்குக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம்.

மூன்றாவது, கடைசி முடிச்சை அவிழ்த்தது எக்ஸ்ரே படமல்ல, ஒரு பெண்மணியின் மனச்சாக்ஷி. ஐயாயிரம் பேரின் ரத்தம் சொல்லாததை அவளுடைய ஒரு வார்த்தை சொல்லிற்று. விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்தாலும், அறிந்ததைச் சொல்லும் தைரியம் குடிமக்களுக்கு இல்லாவிட்டால் நியாயம் நடக்காது.

புதிய கொலை ஒன்று நேரும்போது பழைய கொலையை நினைப்பது பிழையன்று. நினைக்கத்தான் வேண்டும், மறந்துபோன ஒரு பெண்ணின் வழக்கை மீண்டும் திறக்க அதுவே வாய்ப்பாகலாம். ஆனால் இரண்டு சம்பவங்களின் ஒற்றுமை ஒரு கேள்வியே அன்றி விடை அல்ல. திண்ணையிலே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லத் தோன்றும்போதெல்லாம், உடைத்துப் பார்க்காத சிலம்பு ஒன்று இன்னும் நம் கையில் இருக்கிறது என்பதை நாம் மறவாதிருப்போமாக.